ஆறு மணி இரண்டு நிமிடம்

ஐப்பசி மழை மூன்று நாளாக விடவில்லை. காரைக்காலில் தெரு எது, சாக்கடை எது என்று தெரியாமல் போயிருந்த ஒரு வியாழக்கிழமை காலையில், குடையை மடக்கக்கூட மறந்தவளாக ஒரு பெண் மீரா சாகிப் வீட்டுக்குள் நுழைந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தார், குடிக்கவில்லை.

"என் பேரு பெனிட்டா சார். கோட்டுச்சேரியிலேர்ந்து வர்றேன். எங்க வீட்டுக்காரர் டைட்டஸ் ஒரு ஆளைக் கொன்னுட்டார்னு ஊரே பேசுது." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அவரும் அப்படித்தான் சார் சொல்றார்."

மீரா சாகிப் தபால் இலாகாவின் புகார்ப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போய்ச் சேராத தபால் எந்த ஊரில், எந்தப் பையில், யார் கையில் நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்குச் சோறு போட்ட வேலை. அதட்ட மாட்டார், அவசரப்பட மாட்டார். மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டே இருப்பார். எதிரில் இருப்பவர் தானாகவே உண்மையைக் கக்கிவிடுவார். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் ஊர் அவரை விட்டபாடில்லை.

அவர் வீட்டுத் தெருப்பக்க அறையில் கம்ப்யூட்டர் பயிற்சி மையம் நடத்துகிறவள் தமிழரசி. 'கொன்னுட்டார்' என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், வகுப்பை அம்போ என்று விட்டுவிட்டுக் கூடத்தில் வந்து நின்றாள். துப்பறிவது என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். இந்த மழையில் வகுப்புக்கு வந்ததே இரண்டு பேர்தான் என்று யாரும் கேட்காமலே சமாதானம் வேறு சொன்னாள்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா," என்றார் மீரா சாகிப்.

சுனாமிக்குப் பிறகு முளைத்த அமைப்புகளில் ஒன்று கரைவிளக்கு அறக்கட்டளை. நான்கு மீனவக் குப்பங்களில் தகவல் மையம் வைத்திருந்தது. நாள்தோறும் மாலை நான்கு மணி சுமாருக்குக் கடல் நிலவரம் இமெயிலில் வரும். அலை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம் என்பதை மையத்தில் இருப்பவர் ஒலிபெருக்கியில் வாசிப்பார். என்றாவது வாசிப்பு இல்லை என்றால், கடலில் விசேஷம் ஒன்றுமில்லை என்று குப்பத்தார் எடுத்துக்கொள்வார்கள். அப்படி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பழகிப்போயிற்று. அந்த இமெயில்கள் எல்லாம் நகரத்து அலுவலகத்தில் இருந்த ஒரே ஒரு கணினி வழியாகத்தான் போகும், வரும். அதை நிறுவிப் பராமரித்தவன் டைட்டஸ்.

பதினெட்டு நாளைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'கடல் கொந்தளிக்கும், இறங்க வேண்டாம்' என்ற தபால் மாலை நான்கு ஐந்துக்கே அனுப்பப்பட்டிருக்கிறது. எந்த மையத்துக்கும் அது வந்து சேரவில்லை; மற்ற குப்பங்களில் அன்று யாரும் கடலில் இறங்காததால் தப்பினார்கள், சாவடிக்குப்பத்தில் அப்படி இல்லை. அங்கே பொறுப்பில் இருந்த பாரதிப்ரியா ஐந்தரை வரை காத்திருந்துவிட்டுக் கதவைப் பூட்டினாள். பொழுது சாயும் நேரத்தில் முத்தையன் என்பவருடைய ஃபைபர் படகு கடலில் இறங்கியது. கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். முத்தையனை மூன்றாம் நாள்தான் கடல் திருப்பிக் கொடுத்தது. திங்கள் காலை மையத்தைத் திறந்து பார்த்தால், அந்தத் தபால் வந்து உட்கார்ந்திருந்தது.

"எப்போ வந்துச்சுன்னு தெரியலையா?"

"தெரியல சார். அந்தப் பொண்ணு பதறிப்போய்ப் பிரிண்ட் எடுத்து ஒட்டிட்டு, வழக்கம்போல அழிச்சுட்டா. நாளன்னைக்குக் குப்பத்துப் பஞ்சாயத்துல அறக்கட்டளை எழுதிக் கொடுக்கப்போவுது, எல்லாத்துக்கும் டைட்டஸ்தான் காரணம்னு. வேலை போனாப் போவட்டும் சார். அவரு சாப்பிடாம கொள்ளாம கடற்கரையில போய் நின்னுக்கிட்டே இருக்கார். கூப்பிட்டாத் திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறார். எனக்குப் பயமா இருக்கு."

மீரா சாகிப் எழுந்து செருப்பைத் தேடினார். தமிழரசி ஏற்கெனவே வாசலில் நின்றாள்.

டைட்டஸ் தாடி மண்டிய முகத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வந்தவர்களைக் கண்டு எழுந்தான். அவ்வளவுதான் அவனால் முடிந்த மரியாதை.

"நான் போட்ட பூட்டு சார்," என்றான். "தபாலை நிறுத்துனது நான் போட்ட பூட்டு."

"பூட்டைப் பத்திச் சொல்லு தம்பி. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, தபால் தெரியும்."

"கிளாம்ஏவின்னு ஒரு வைரஸ் தடுப்பு இருக்கு சார். யார் வேணும்னாலும் எடுத்துப் போட்டுக்கலாம், உள்ளே எப்படி எழுதியிருக்காங்கன்னும் பிரிச்சுப் பார்க்கலாம். வர்ற ஒவ்வொரு இமெயிலையும் முதல்ல அதுகிட்ட காட்டணும்னு அமைச்சிருந்தேன். அது சரின்னு சொன்னாத்தான் உள்ளே போகும்."

"வாசல்ல ஒரு காவக்காரன். சரி. அந்தக் காவக்காரனே மயங்கி விழுந்துட்டா?"

டைட்டஸ் தலையைக் குனிந்துகொண்டான். "அதுக்கு ரெண்டு வழி சார். காவல் இல்லேன்னாலும் பரவால்லன்னு தபாலை உள்ளே விட்டுடலாம். இல்லேன்னா, இப்போ முடியாது, அப்புறம் வான்னு அனுப்பின மிஷின்கிட்டயே சொல்லிடலாம். அது கால் மணிக்கு ஒரு தடவை மறுபடி வந்து கதவைத் தட்டிக்கிட்டே இருக்கும். நான் ரெண்டாவது வழியை வச்சேன்."

"ஏன்?"

"சித்திரையில போட்டோன்னு சொல்லிக்கிட்டு ஒரு வைரஸ் வந்துச்சு சார். நாலு மையத்து கம்ப்யூட்டரும் ஒன்பது நாள் படுத்துடுச்சு. ஒன்பது நாளும் கடல் நிலவரமே இல்ல. மறுபடி அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான்."

தமிழரசி குறுக்கே புகுந்தாள். "நானா இருந்தாலும் அப்படித்தான் சார் வச்சிருப்பேன். ஆனா அந்தக் காவல் ஏங்க விழுது?"

"மிஷின்ல மெமரி கம்மி. புது வைரஸ் பட்டியல் வந்து இறங்குறப்போ சில நாள் தாங்காம நின்னுடும். நான் இல்லாதப்போ தூக்கி விடணுமே! செயலர் பாலகுரு சார் அலுவலகத்து மாடியிலதான் குடியிருக்கார். ஒரே ஒரு வரி அடிச்சு எண்டர் தட்டணும். தாள்ல எழுதி மிஷினுக்கு மேலயே ஒட்டியிருந்தேன். அந்த வாரம் பூரா நான் குப்பத்து மையங்கள்லயே சுத்திக்கிட்டிருந்தேன், காவலைத் தூக்கி விட்டதெல்லாம் அவர்தான். ஞாயித்துக்கிழமை நாங்க வேளாங்கண்ணி போயிருந்தோம். பாரதிப்ரியா நாலு நாற்பதுக்கு அவருக்குப் போன் பண்ணி, தபால் வரலைன்னு சொல்லியிருக்கு. அந்த நிமிஷமே கீழே இறங்கி வந்து தட்டிட்டேன், காவல் எழுந்துருச்சு, அப்புறமும் தபாலை உன் ஏற்பாடுதான் முழுங்கிடுச்சுங்கிறார்."

பெனிட்டா அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். அந்த வாரத்தில் காவல் விழுந்த நேரமும் எழுந்த நேரமும் அச்சாகியிருந்தன. மீரா சாகிப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"திங்கள், காலை 8.20க்கு விழுந்தது, 9.01க்கு எழுந்தது. செவ்வாய், 11.05க்கு விழுந்தது, 11.08க்கு எழுந்தது. புதன், மாலை 4.15, எழுந்தது 4.19. வெள்ளி, காலை 11.10, எழுந்தது 12.02. சனி, 9.40, எழுந்தது 10.33. ஞாயிறு, மாலை 3.50..."

"எழுந்தது ஆறு ரெண்டு," என்று முடித்தான் டைட்டஸ். "காட்டினேன் சார். மிஷின் கடிகாரமே தப்புன்னுட்டார். அன்னைக்கு மத்தியானம் கரண்ட் போய் வந்துச்சு. உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரி ஓஞ்சுபோச்சு, நேரத்தை நம்ப முடியாதுன்னு முந்தின வாரம் நானே எழுதிக் கொடுத்திருந்தேன். என் கையெழுத்தை என்கிட்டயே காட்டுறார்."

"அந்த மிஷினைப் பார்க்கலாமா?"

"நாகப்பட்டினத்துலேர்ந்து ஆள் கூட்டி வந்து எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா ஏத்திட்டாங்க. இந்தத் தாள் ஒண்ணுதான் மிச்சம்."

திரும்பும் வழியில் பேருந்து ஜன்னலில் மழை அடித்தது. தமிழரசி பொங்கினாள். "அழிச்சவர்தான் சார் ஆளு! தடயத்தை அழிச்சிருக்கார். கையோட பிடிக்கணும்!"

"ஆளு செத்துப்போன மிஷினை யாரும்மா அப்படியே வச்சிருப்பாங்க? நாமளே இருந்தாலும் அழிச்சிருப்போம். செவ்வாய்க்கிழமை மூணு நிமிஷம், புதன்கிழமை நாலு நிமிஷம். வெள்ளிக்கிழமை ஏன் அம்பத்திரண்டு நிமிஷம்? அதை யோசி."

தமிழரசி யோசித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை, அந்த எரிச்சலில் வீடு வந்து சேரும்வரை பேசவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தே முக்காலுக்கு இருவரும் கரைவிளக்கு அலுவலகத்தில் இருந்தார்கள். பாலகுரு ஐம்பது வயதுக்காரர். மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் விபூதி. நல்ல மனிதர் என்று ஊரில் பெயர். பார்த்தாலும் அப்படித்தான் இருந்தார். கண்ணுக்குக் கீழே மட்டும் கறுத்திருந்தது.

"வாங்க பாய், உக்காருங்க. நீங்க வருவீங்கன்னு சொன்னாங்க. என்ன கேக்கணுமோ கேளுங்க."

"கேக்க ஒண்ணுமில்ல. அன்னைக்கு நீங்க செஞ்சதை நாலு வரி எழுதிக் கொடுத்தீங்கன்னாப் போதும். ஜும்மாவுக்குப் போகணும், கிளம்பிடுவேன்."

"எழுதிடுவோம், அதுக்கென்ன. முதல்ல காபி சாப்பிடுங்க."

காபி வந்தது. குடித்தாயிற்று. பாலகுரு கணினி இருந்த அறையைக் காட்டினார். புதிதாக ஏற்றப்பட்ட மிஷின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சுவரில் நாள் கிழிக்கும் காலண்டர். குப்பங்களின் புகைப்படங்களைக் காட்டினார், சுனாமி நாளைப் பற்றிச் சொன்னார், சொல்லும்போது உண்மையிலேயே கண் கலங்கினார். மீரா சாகிப் இரண்டு முறை தாளை அவர் பக்கம் தள்ளினார். "இதோ, எழுதிடுவோம்," என்று இரண்டு முறையும் பாலகுரு பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், வேறு பேச்சுக்குப் போனார். தமிழரசிக்கு உட்கார முடியவில்லை. நாற்காலி முள்ளாகக் குத்தியது.

பள்ளிவாசலுக்கு நேரமாகிறதே என்று மீரா சாகிப் கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. பாலகுரு தாளை இழுத்து வைத்துக்கொண்டு, தடங்கல் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். 'ஞாயிறு மாலை 4.40க்குத் தொலைபேசி வந்தது. உடனே கீழே சென்று இயக்கினேன்.'

வெளியே வந்ததும் தமிழரசி சீறினாள். "ஒன்றேகால் மணி நேரம் சார்! எழுதப் பயம். பொய்யை ஜோடிக்க நேரம் பார்த்திருக்கார்."

"பாதி சரியாச் சொன்னே," என்றார் மீரா சாகிப். முகத்தில் சந்தோஷமே இல்லை. "நாளைக்குக் குப்பத்துல பேசிக்குவோம். நான் தொழுதுட்டு வர்றேன்."

சனிக்கிழமை மாலை மூன்று மணிக்குச் சாவடிக்குப்பத்துத் தகவல் மையத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். மழை சற்று வெறித்திருந்தது. கடல் இரைச்சல் ஓயவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் ஐயனார் முன்னால் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. அதில் டைட்டஸின் பெயரை அறக்கட்டளை ஏற்கெனவே தட்டச்சு செய்து அனுப்பியிருந்தது. பாரதிப்ரியா கணினி மேசையை ஒட்டி நின்றாள். பெனிட்டா கணவனின் கையை விடவில்லை. முத்தையனின் மனைவி குஞ்சம்மாள் சுவரோரம் தரையில் உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் இருந்தாள்.

"தலைவரே, கையெழுத்துக்கு முன்னால ரெண்டு வார்த்தை," என்றார் மீரா சாகிப். "பாரதிப்ரியா, அன்னைக்கு நீ எத்தனை மணிக்கும்மா போன் பண்ணினே?"

"நாலு நாப்பது சார். செல்லுல இருந்துச்சு, எல்லார்கிட்டயும் காட்டிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"பார்த்துக்கிறேம்மான்னு சொன்னாரு. மறுபடி தொந்தரவு பண்ண வேண்டாம்னு நான் கேக்கல. அஞ்சரைக்குப் பூட்டிட்டேன் சார்."

"சரி. இப்போ கணக்கு சுலபம். நாலு நாப்பதுக்குக் காவலைத் தூக்கி விட்டிருந்தா, அடுத்த கால் மணிக்குள்ள தபால் இங்கே வந்திருக்கும். வரலை. அப்போ ஒண்ணு, டைட்டஸ் ஏற்பாடு தப்பு. இல்லேன்னா, காவல் நாலு நாப்பதுக்கு எழவே இல்லை. இந்தத் தாள் ஆறு ரெண்டுங்குது. கடிகாரம் தப்புன்னு பாலகுரு சொல்றாரு. மிஷின் இல்லை, தபால் இல்லை. கடிகாரம் சரின்னு எப்படி நிரூபிக்கிறது? நேத்து வரைக்கும் எனக்கும் தெரியல."

பாலகுரு சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நான் ரிஜிஸ்தர் தபால் கவுண்டர்ல நாலு வருஷம் உக்காந்தவன். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல கவுண்டர்ல ஈ ஆடாது. பன்னெண்டு அடிச்சதும் வரிசை வாசல் வரைக்கும் நிக்கும். சனிக்கிழமை பத்தரை வரைக்கும் அதே கதை. முதல்ல எனக்குப் புரியல. கூட வேலை பார்த்த தெட்சிணாமூர்த்திதான் காலண்டரைக் காட்டினாரு. ராகு காலம். பத்திரம், ஜாதகம், வேலைக்கு மனு, எதையும் அந்த நேரத்துல அனுப்ப மாட்டாங்க." அவர் தாளை ஐயனார் முன் வைத்தார். "இதைப் பாருங்க. செவ்வாய் காலை, புதன் மாலை. ராகு காலம் இல்ல. மூணு நிமிஷம், நாலு நிமிஷத்துல காவல் எழுந்துடுச்சு. திங்கள் ராகு காலம் ஏழரை ஒன்பது. எழுந்தது ஒன்பது ஒண்ணு. வெள்ளி பத்தரை பன்னெண்டு. எழுந்தது பன்னெண்டு ரெண்டு. சனி ஒன்பது பத்தரை. எழுந்தது பத்து முப்பத்திமூணு."

"ஞாயிறு நாலரை ஆறு!" என்று கத்தியேவிட்டாள் தமிழரசி. கத்திய பிறகு குஞ்சம்மாளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எழுந்தது ஆறு ரெண்டு," என்றார் மீரா சாகிப் அமைதியாக. "கரண்ட் போய்க் கெட்டுப்போன கடிகாரம், ராகு காலம் முடிஞ்ச ரெண்டாவது நிமிஷத்துல போய்ச் சரியா நிக்குமா? கடிகாரம் சரியாத்தான் ஓடியிருக்கு. நேத்து பத்தே முக்காலுக்கு ஒரு தாளை நீட்டினேன். பேனா மூடியைக் கழட்டிக் கழட்டி மாட்டினீங்க, பன்னெண்டு தாண்டினதும் மடமடன்னு எழுதினீங்க. பொய்யை எழுதக்கூட நல்ல நேரம் பார்த்தீங்களே பாலகுரு."

பாலகுருவின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"என் தம்பியை ராகு காலத்துல வண்டி ஏத்தி விட்டேன் பாய்," என்றார் கடைசியில். குரல் அவருடையதாக இல்லை. "அவசரம்னான், சரின்னேன். திருநள்ளாறைத் தாண்டல. அன்னைலேர்ந்து ஒரு சுவிட்சைக்கூட அந்த நேரத்துல தட்டினதில்லை. மிஷினும் உசுரு மாதிரிதானே, கெட்ட நேரத்துல எழுப்பினா மறுபடி விழுந்துடும்னு நினைச்சேன். ஒன்றரை மணி நேரத்துல என்ன ஆயிடும்னு நினைச்சேன். அந்தத் தபால்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது பாய், சத்தியமாத் தெரியாது. ஆறு மணி அடிச்சதும் ஓடி வந்து தட்டினேன்."

"தெரியாதது தப்பில்ல. தெரிஞ்ச பிறகு இந்தப் பிள்ளை தலையில போட்டீங்களே," என்றார் மீரா சாகிப்.

"படிச்சவன், ஒரு அறக்கட்டளைக்குச் செயலர், ராகு காலம் பார்த்து ஆளைச் சாகவிட்டேன்னு எந்த வாயால பாய் சொல்லுவேன்?" அவர் எழுந்து குஞ்சம்மாள் பக்கம் போய்க் கைகூப்பினார்.

டைட்டஸ் முகத்தை மூடிக்கொண்டு விம்மி அழுதான். இருபது நாளும் அழாதவன். பெனிட்டா அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வழக்கு தீர்ந்தால் குதிக்க வேண்டும் என்று பேருந்தில் வரும்போது தமிழரசி நினைத்திருந்தாள். தன்மீதே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஐயனார் தாளை இழுத்தார். டைட்டஸ் என்ற பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார். அதற்கு மேலே எழுதப் பேனாவைத் தூக்கினார்.

"ஐயா, அந்தத் தபாலு நேரத்துக்கு வந்திருந்தா எத்தனை மணிக்கு வந்திருக்கும்?" என்று கேட்டாள் குஞ்சம்மாள். அன்று அவள் பேசிய முதல் பேச்சு அது.

"அஞ்சு மணிக்குள்ள வந்திருக்கும்மா," என்றார் மீரா சாகிப்.

"நாலரைக்கே வலையெல்லாம் ஏத்திட்டாரு. ராகு காலத்துல கடல்ல இறங்காதீங்கன்னு நான்தான் கையைப் புடிச்சு உக்கார வச்சேன். அந்தா, அந்த ஸ்பீக்கர் கம்பத்துக்குக் கீழதான் உக்காந்திருந்தாரு. ஆறு அடிக்கட்டும், அப்புறம் போங்கன்னேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ஒன்றரை மணி நேரமும் கரையிலதான்யா இருந்தாரு. காதுல விழுந்திருந்தா எறங்கியிருக்க மாட்டாரு."

மீரா சாகிப் கண்ணாடியைக் கழற்றினார்.

ஐயனாரின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. குஞ்சம்மாள் பாலகுருவின் கூப்பிய கைகளைப் பார்த்தாள், பிறகு ஐயனாரைப் பார்த்தாள்.

"அவரு பேரை எழுதுறதா இருந்தா எழுதுங்க," என்றாள். "பக்கத்துல என் பேரையும் எழுதிடுங்க."